கடற்கரைக் காரில் பிரேக் திரும்பத் திரும்ப மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறு பிடிப்பது

கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தேவிபட்டினம், தொண்டி என்று கடலோரமாக ஓடும் சின்னக் கார்களுக்குப் பிரேக் வேலை ஒரு தடவையோடு முடிவதில்லை. பேட் மாற்றுவார்கள், சில மாதத்தில் அதே பக்கம் இழுக்கும். பின்சக்கரத்தைக் கழற்றி ஷூ மாற்றுவார்கள். அடுத்த மழைக்கு ஹேண்ட் பிரேக் மறுபடி பிடித்துக்கொள்ளும். "நல்ல கம்பெனி சாமான்தானே போட்டோம்?" என்று வண்டிக்காரர் கேட்பார். சாமானில் குறை இருக்காது. பிரேக்கில் தேய வேண்டியவை முன்சக்கரத்து டிஸ்க்கை இறுக்கும் பேட், பின்சக்கரத்து டிரம்மை உள்ளிருந்து உரசும் ஷூ, அந்த டிஸ்க், டிரம் அவ்வளவுதான். பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பர் வழுக்கி நகரும் 'பின்' என்ற கம்பி, பேட்டைத் தள்ளும் பிஸ்டன், ஹேண்ட் பிரேக் கேபிள், நெம்புகோல் எல்லாம் அசைந்து திரும்ப வேண்டியவை. நம் பக்கத்துப் பிரேக் தேய்ந்து கெடுவதைவிட இறுகிக் கெடுவதே அதிகம். இறுகியதை விட்டுவிட்டுத் தேய்ந்ததை மட்டும் மாற்றினால் கோளாறு எங்கே போகும்?

உப்புக் காற்றை லேசாக நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். நம் காரின் காலிப்பர் வெறும் வார்ப்பிரும்பு.

கீழே சொல்வது முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள ஆல்டோ, வேகன்ஆர், ஐ10, சான்ட்ரோ மாதிரி வண்டிகளுக்கு. கை வைக்குமுன் ஒன்று: ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றாதீர்கள். சமதரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அடை கொடுத்து, ஸ்டாண்டு வைத்த பிறகுதான் வேலை. மணலில் ஜாக்கி போடவே கூடாது.

காலையில் ஹேண்ட் பிரேக்கை இறக்கியும் வண்டி நகரவில்லை

மழை மாதத்தில் அதிகம் வரும் புகார். ஈரத்தோடு வீட்டுக்கு வந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தியிருப்பார்கள். இரவோடு இரவாக ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை மிதித்து இழுக்காதீர்கள். ஷூ தகட்டிலிருந்து லைனிங் பிய்ந்து வந்துவிடும். முதல் கியரில் ஒரு சிறு அசைவு, ரிவர்ஸில் ஒரு சிறு அசைவு என மாற்றி மாற்றிக் கொடுங்கள். 'டப்' என்று விட்டால் சரி. விடாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் முகத்தில், போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட இடத்தில், ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். விளிம்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தால் வார்ப்பு உடையும். டிரம்மைக் கழற்ற, பல வண்டிகளில் எட்டு எம்எம் போல்ட் ஏறும் இரண்டு துளைகள் இருக்கும். இரண்டிலும் மாறி மாறித் திருகினால் தானாக வெளியே வரும்.

ஒட்டியது ஷூவா, கேபிளா? பின்தகட்டுக்குப் பின்னால் கேபிள் போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் கேபிள் தளர்ந்து நெம்புகோல் பழைய இடத்துக்குத் திரும்பினால் கேபிளில் பழுதில்லை. கேபிள் விறைப்பாகவே நின்றால் அதன் உறை எங்கோ கிழிந்து உள்ளே உப்புத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. எண்ணெய் விட்டு ஓட்டுபவர்கள் உண்டு. சில வாரம் தாங்கும், பிறகு மறுபடி. அந்தப் பக்கத்துக் கேபிளை மாற்றிவிடுவதே நல்லது.

டிரம் திறந்திருக்கும்போது இன்னும் இரண்டு காரியம். ஷூ உட்காரும் தகட்டில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். துருவைச் சுரண்டி எடுத்து, பிரேக் கிரீஸை மெல்லிதாகத் தடவுங்கள். நட்சத்திரப் பல் உள்ள அட்ஜஸ்டரைக் கையால் திருகிப் பாருங்கள். அது இறுகியிருந்தால் ஷூ தேயத் தேய இடைவெளி கூடிக்கொண்டே போகும்; பெடல் தாழும், ஹேண்ட் பிரேக்கில் கிளிக் எண்ணிக்கை ஏறும். ஷூ மாற்றும்போது இந்த அட்ஜஸ்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யாத பட்டறைகள் நிறைய.

மழை, கச்சான் காற்று நாட்களில் சமதரையில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கே வேண்டாம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் அடை கொடுத்தால் போதும்.

ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது, அல்லது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலில் டயர் காற்று. இரண்டு முன்டயரிலும் ஒரே அளவு இருக்கிறதா என்று பார்க்காமல் பிரேக்கைப் பிரிப்பது வீண் வேலை.

பிறகு பத்து நிமிடம், பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவந்து நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கர ரிம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், டிஸ்க் கையைச் சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக் மிதிக்காதபோதும் வண்டி சாய்வது இந்தச் சூடான சக்கரத்தின் பக்கம்தான். மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் கணக்கு மாறும்: இழுக்கும் பக்கம் வேலை செய்கிறது, எதிர்ப்பக்கம் பிடிக்கவில்லை. இடப்பக்கம் இழுக்கிறது என்று இடப்பக்கத்தையே பிரித்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று மூடிவிடுகிறவர்கள், பாவம், நல்ல காலிப்பரைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சந்தேகப்பட்ட சக்கரத்தைத் தூக்குங்கள். ஒருவரைப் பிரேக் மிதித்து விடச் சொல்லி, உடனே கையால் சுற்றிப் பாருங்கள். லேசான உரசல் சத்தத்தோடு சுற்றினால் சரி. சுற்றாமல் இறுகி நின்றால் காலிப்பரில் பிரேக் ஆயிலை வெளியேற்றும் நிப்பிளை அரைத் திருகு திறங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே விட்டதா? அப்படியானால் ஆயில் அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது. ஆயில் வந்தும் சக்கரம் விடவில்லையா? பின், பிஸ்டன், பேட் மூன்றில் ஒன்று துருவால் இறுகியிருக்கிறது. பாதிச் சந்தேகம் இந்த ஒரு சோதனையிலேயே தீர்ந்துவிடும். நிப்பிளை மூடிவிட்டு ஆயில் அளவைச் சரிபார்க்க மறக்காதீர்கள்.

அழுத்தம் அடைபட்டிருந்தால் முதல் சந்தேகம் ரப்பர் ஹோஸ் மேல். வெளியே பார்த்தால் புதிது போலிருக்கும். உள்ளே ரப்பர் உப்பி, சைக்கிள் டியூபின் வால்வு மாதிரி ஆகிவிடும். காலால் மிதிக்கும் பலத்துக்கு ஆயில் உள்ளே போகும், விட்டால் வெளியே வராது. ஹோஸைப் பிடிக்கும் இரும்புக் கிளிப்புக்கு அடியில் துரு பொங்கி ஹோஸை நெரிப்பதும் உண்டு. கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து பிடித்தால் ஹோஸை விட்டுவிட்டு, பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போக வேண்டும். பெடல் முழுதாக மேலே திரும்புகிறதா, தள்ளுகோலில் சிறு இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆனால் இங்கே பத்தில் எட்டு வண்டிக்குக் காரணம் காலிப்பர் பின்தான். காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் எடுத்துவிட்டுப் பின்னை விரலால் இழுத்துப் பாருங்கள். நல்ல பின் 'சளக்' என்று வழுக்கி வரும். கடலோரத்து வண்டியில் அது வராது. பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) விலக்கினால் முதலில் காபித்தூள் நிறத்தில் ஒரு பொடி உதிரும். அதற்குள் காய்ந்து கட்டியான பழைய கிரீஸ். அதற்கும் உள்ளே பின்னின் மேல் வெள்ளை உப்புப் பூத்திருக்கும். பூட்டின் உதடு ஒரு நூல் அளவு கிழிந்திருந்தால் போதும், இத்தனையும் நடக்கும். கீழ்ப்பின் மேற்பின்னைவிட முந்தி இறுகும், சேறும் மணலும் படுவது அங்கேதான்.

பேட்டைப் பார்த்தாலே இது தெரியும். உள்பக்கப் பேட் தேய்ந்து வெளிப்பக்கம் தடிமனாக நின்றால் காலிப்பர் நகரவில்லை. பேட் ஒரு முனையில் மெலிந்து மறுமுனையில் தடித்திருந்தால் ஒரு பின் இறுகியிருக்கிறது. கடைக்காரர் சொல்கிறாரே என்று நான்கு பேட்டையும் மாற்றி, பின்னை அப்படியே விட்டால் புதுப் பேட்டும் அதே கோணத்தில் தேயும்.

ஒரு பாய் கீழக்கரையிலிருந்து வந்தார், மூன்றாவது தடவையாகப் பேட் மாற்ற. "இந்தத் தடவையாவது ஒரிஜினல் போடுங்கண்ணே" என்றார். "பேட்டை நான் அப்புறம் தர்றேன் பாய், முதல்ல இதைப் பிடிங்க" என்று கழற்றிய கீழ்ப்பின்னைக் கையில் கொடுத்தேன். அதைப் பிடிகருவியால் இடுக்கித்தான் உருவியிருந்தோம். ஒரு பின், இரண்டு பூட், கொஞ்சம் கிரீஸ். அவர் ஏற்கெனவே செலவழித்த பேட் காசில் ஒரு மூலைக்கு வராது.

செய்ய வேண்டியது: பின்னில் குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள், மேற்புறத் துரு மட்டும் என்றால் நயமான உப்புத்தாளால் தேய்க்கலாம். பின் போகும் துளையையும் பிரேக் கிளீனர் விட்டுத் துடைத்து எடுங்கள். பூட் புதிது போடுங்கள். கிரீஸ் சிலிக்கான் வகையாக, பிரேக்குக்கென்றே விற்பதாக இருக்க வேண்டும். வீல் பேரிங் கிரீஸ், என்ஜின் ஆயில், டீசல் எதுவும் ரப்பருக்கு ஆகாது; ஊதிப் பருத்துப் பின்னை முன்னைவிட இறுக்கும். அடுத்து, பேட்டின் இரு காதுகளும் உட்காரும் பள்ளம். அங்கே இருக்கும் தகட்டுக் கிளிப்புக்கு அடியில் துரு வளர்ந்து, பேட்டை நெருக்கியிருக்கும். கிளிப்பைக் கழற்றி, அடியில் அரத்தால் சீவி, பேட் விரல் பலத்துக்கே முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பார்த்துத்தான் மூட வேண்டும்.

கடைசியாகப் பிஸ்டன். சி-கிளாம்ப் வைத்து மெல்லத் தள்ளினால் உள்ளே போக வேண்டும். தூசி ரப்பர் கிழிந்து பிஸ்டனில் துருப்புள்ளி விழுந்திருந்தால் சீல் கிட்டோடு பிஸ்டனையும் மாற்ற வேண்டும். வெறும் சீல் போட்டால் அந்தப் புள்ளியே புதுச் சீலை அறுக்கும்.

இந்தக் காலிப்பர் பின் வேலையை ஆண்டுக்கு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால் செய்துவிட்டால் பாதிப் புகார் வராது. கடலை விட்டுத் தள்ளி ஓடும் காருக்கு இது அதிகம். நமக்கு இதுதான் அளவு.

பெடல் சொல்லும் கதைகள்

மெத்தென்று உள்ளே போகிறது, இரண்டு மூன்று தடவை மிதித்தால் ஏறுகிறது: ஆயிலில் ஏர் (காற்று) இருக்கலாம், பின்சக்கர ஷூ இடைவெளி கூடியிருக்கலாம். ஏறிய பெடல் உறுதியாக நின்றால் ஷூவைப் பாருங்கள். ஏறியும் மெத்தென்றே இருந்தால் ஏர். ஆனால் ஏர் தானாக வராது. எங்கோ கசிந்தால்தான் வரும். பின்சக்கர வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் என்றால் சிலிண்டரோடு ஆயில் குடித்த ஷூவையும் மாற்ற வேண்டும், அதுவும் இரு பக்கமும். ஏர் எடுப்பதை வழக்கமாகத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்குவார்கள். நம் வண்டிகளில் அது இடது பின்சக்கரம். சில வண்டிகளுக்கு, குறிப்பாக ஏபிஎஸ் (திடீரென மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ளவற்றுக்கு, வரிசை வேறு, கையேட்டைப் பாருங்கள்.

என்ஜின் ஓடும்போது மிதித்துப் பிடித்திருந்தால் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குகிறது, வெளியே எங்கும் கசிவில்லை: மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் போய்விட்டது. "ஏர் எடுத்த மறுவாரமே மாஸ்டர் போச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. பட்டறைக்காரர் மேல் பழி போடுவார்கள். பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதித்து ஏர் எடுத்தால், கப் எப்போதும் போகாத இடத்துக்குப் போகும். அங்கே கசடும் துருவும் படிந்திருக்கும், கப் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து மிதிக்கச் சொல்லுங்கள்.

பெடல் இறுக்கம், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்கவில்லை: மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டருக்கு வேக்யூம் (என்ஜினின் காற்று உறிஞ்சல்) வரவில்லை. என்ஜினை அணைத்து நாலைந்து தடவை மிதித்து, காலை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்யூம் ஹோஸில் வெடிப்பு, வால்வில் அடைப்பு இரண்டையும் பார்த்த பிறகே பூஸ்டரைச் சந்தேகப்படுங்கள். மிதிக்கும்போது 'உஸ்' என்று காற்றுச் சத்தம் நின்றபாடில்லை என்றால் பூஸ்டரின் உள் சவ்வு கிழிந்திருக்கும். இது உப்பு செய்யும் வேலையில்லை. எந்த ஊரிலும் வரும்.

நன்றாக இருந்த பெடல், தொடர்ந்து மிதித்தபின் மெத்தென்று போகிறது: ஆயில் பழசு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தர ஆயில் புதிதில் 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம் என்பதுதான் தரக்கணக்கு. டாட் 4 என்றால் 230-லிருந்து 155. கொதித்தால் ஆவி, ஆவியை மிதித்தால் பிரேக் இல்லை. அதே தண்ணீர்தான் சிலிண்டரை உள்ளிருந்தும் துருப்பிடிக்க வைக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுதாக மாற்றுங்கள். பாதி தீர்ந்து அலமாரியில் கிடக்கும் டப்பாவை ஊற்ற வேண்டாம். டாட் 5 என்பது சிலிக்கான். இதில் கலக்கக் கூடாது.

சத்தம்

காலையில் முதல் இரண்டு மிதிக்கு 'சரசர' என்று கேட்டு நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள். டிஸ்க்கில் இரவில் படிந்த துரு அது. தனுஷ்கோடி அரிச்சல்முனை மணலுக்குப் போய்வந்த பிறகு விடாமல் 'கிறீச்' என்று ஒரே சுருதியில் கேட்டால், டிஸ்க்குக்கும் பின்னாலுள்ள தூசித் தகட்டுக்கும் நடுவே மணலோ சிறு கல்லோ மாட்டியிருக்கும். மெதுவாக ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் போட்டுப் பாருங்கள், விழுந்துவிடும். மிதித்தால் மட்டும் இரும்போடு இரும்பு உரசும் 'கர்ர்' சத்தம் என்றால் பேட் முடிந்துவிட்டது. லைனிங் மூன்று மில்லிமீட்டருக்கு வந்தபோதே மாற்றியிருக்க வேண்டும்.

மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது

பிள்ளைகள் துபாயில் இருக்க, ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும் கார்களின் தனி வியாதி இது. பேட் தொட்டுக்கொண்டிருந்த இடம் தவிர மற்ற இடமெல்லாம் துரு. டிஸ்க்கில் பேட்டின் அச்சு அப்படியே விழுந்திருக்கும். லேசாக இருந்தால் ஓட்ட ஓட்டப் போகும். போகாவிட்டால் லேத்தில் டிஸ்க்கைச் சீவலாம், ஆனால் டிஸ்க் விளிம்பில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகாமல். புது டிஸ்க் போட்டும் நடுங்கினால் டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு சுரண்டப்படவில்லை என்று அர்த்தம். ஒரு செதிள் துரு போதும் டிஸ்க்கைக் கோணலாக்க. வீல் நட்டுகளையும் எதிரெதிராக முடுக்குங்கள். பெடலும் சீட்டும் மட்டும் அதிர்ந்தால் பின்சக்கர டிரம்மைப் பாருங்கள்.

வாரம் ஒருநாள் யாரையாவது விட்டு அந்தக் காரை ஓட்டச் சொல்வது நல்லது. ஷெட்டில் ஸ்டார்ட் செய்து அணைப்பது பேட்டரிக்குக்கூடச் சரியாக உதவாது, பிரேக்குக்குச் சுத்தமாக உதவாது.

டேஷ்போர்டில் விளக்கு

சிவப்புப் பிரேக் விளக்கு திருப்பங்களில் மின்னி மறைந்தால் ஆயில் குறைந்திருக்கிறது. உடனே ஊற்றாதீர்கள். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு; முதலில் பேட்டைப் பாருங்கள். பேட் நன்றாக இருந்து மட்டம் இறங்கினால் கசிவு. ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரணப் பிரேக் பிடிக்கும். சக்கரத்துச் சென்சாரிலோ அதன் கனெக்டரிலோ உப்புப் பச்சை பூத்திருக்கும். இரண்டும் சேர்ந்து எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்குப் போங்கள், பாலம் ஏற வேண்டாம். பாம்பன் பாலத்தில் ரயில் பார்க்க எவர் எங்கே நிறுத்துவார் என்று யாருக்கும் தெரியாது.

கழுவுகிறேன் என்று கெடுப்பது

கடலோரம் போய்வந்தால் சக்கரத்தை உள்ளே வரை கழுவுவது நல்ல பழக்கம். ஆனால் எந்தத் தண்ணீர்? நம் போர் தண்ணீர் பாதி ஊரில் உவர். அதில் கழுவிக் காயவிட்டால் உப்பின் மேல் உப்பு. சக்கரத்துக்கு மட்டுமாவது குடிக்க வரும் காவிரித் தண்ணீரில் ஒரு குடம் ஒதுக்குங்கள். கழுவியதும் தெருவில் ஒரு சுற்று ஓட்டி, லேசாக நாலு தடவை மிதித்து உலர்த்திவிட்டு நிறுத்துங்கள். துரு பிடிக்காமலிருக்க அடிப்பக்கம் பழைய ஆயில் அடிக்கும் சர்வீஸ் ஸ்டேஷன்கள் உண்டு. டிஸ்க், பேட், பூட், ஹோஸ் எதன் மேலும் அது படக் கூடாது. பட்ட பேட்டைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

அறிகுறியே காட்டாத ஒன்று

அடிப்பக்கமாகப் பின்சக்கரம் வரை போகும் இரும்புப் பிரேக் பைப். கிளிப் பிடிக்கும் இடங்களில் மணலும் ஈரமும் தங்கி, அங்கேதான் அரிக்கும். பெடல் நன்றாகவே இருக்கும். ஒருநாள் மாடு குறுக்கே வந்து முழு பலத்தோடு மிதிக்கும்போது வெடிக்கும். ஆண்டுக்கு ஒரு தடவை வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, கிளிப்பைக் கழற்றித் துணியால் துடைத்துப் பாருங்கள். மேற்புறம் மட்டும் செந்நிறமாக இருந்தால் சுத்தம் செய்து பெயின்ட் அடிக்கலாம். விரல் நகத்தால் சுரண்டினால் செதிள் பெயர்ந்தால் முழுப் பைப்பும் மாற்ற வேண்டும். வெட்டி நடுவில் ரப்பர் குழாய் போட்டுக் கிளிப் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பைப்பில் ஈரம் தெரிந்தால் பட்டறைக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது வண்டியை ஏற்றி அனுப்புங்கள்.